மூன்று துறைகள், ஒரே கேள்வி: பிரிட்டன் நாடாளுமன்றத்தின் எழுத்துவழிக் கேள்விச் சேவை குறித்த மதிப்புரை

உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் வாடகைக்குத் தரும் வீட்டுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் இங்கிலாந்துத் தமிழ்க் குடும்பங்களில் பேண்ட் (முன்னுரிமைப் பிரிவு), பிட் (ஒரு வீட்டைக் கேட்டு இடும் விண்ணப்பம்), வெயிட்டிங் லிஸ்ட் ஆகிய மூன்று சொற்களும் தமிழாகவே ஆகிவிட்டன. வாரந்தோறும் கணினியில் ஒரு வீட்டுக்குப் பிட் போடுவதும், அந்த வீட்டுக்கான வரிசையில் தமக்கு 130ஆவது இடமா 210ஆவது இடமா என்று பார்த்துவிட்டுக் கணினியை மூடுவதும் எங்கள் குடும்ப நண்பரான ஓர் அக்காவுக்கு ஏழாண்டு வழக்கம். இப்போது அவர் இருப்பது, குறைந்த வாடகைக்கு வீடு தரும் இலாப நோக்கற்ற அமைப்பான ஒரு ஹவுசிங் அசோசியேஷனுக்குச் சொந்தமான ஓரறை வீடு. அதன் பெயர் இங்கு வேண்டாம். படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. அவருக்காக அவருடைய தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான், நாடாளுமன்ற இணையதளத்தில் எழுத்துவழிக் கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டிருக்கும் பகுதியை நான் முதன்முதலாக முறையாகப் பயன்படுத்தத் தொடங்கினேன். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு காலம் வீடு, கலை, அரசு நிதி ஆகிய மூன்று பொருள்களில் அதைத் தொடர்ந்து படித்து வந்திருக்கிறேன். கட்டணம் இல்லாத சேவைதான் என்றாலும் அதை நடத்துவது நம் வரிப்பணம் என்பதால், கடைக்கும் உணவகத்துக்கும் எழுதுவதுபோல இதற்கும் ஒரு மதிப்புரை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமைச்சர் பொறுப்பில் இல்லாத எந்த உறுப்பினரும் எந்தத் துறையிடமும் எழுத்தில் கேள்வி கேட்கலாம். சாதாரணக் கேள்விக்கு ஒரு வாரத்துக்குள் பதில் தருவது வழக்கம். இன்ன நாளில் பதில் வேண்டும் என்று நாள் குறித்தும் கேட்கலாம். அப்படிப்பட்டவற்றை ஓர் உறுப்பினர் நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் கேட்க முடியாது. மேலவை உறுப்பினர்களும் கேட்கிறார்கள். அங்கே பதிலுக்கு 10 வேலை நாள். கேள்விகள் நேரே அமைச்சரிடம் போய்விடுவதில்லை. டேபிள் ஆபீஸ் என்ற அலுவலகம் ஒவ்வொன்றையும் சோதித்து, அது தகவல் கேட்கிறதா அல்லது நடவடிக்கை கோருகிறதா, அந்த அமைச்சரின் பொறுப்புக்குள் வருகிறதா, வெறும் வாதமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்கும். 2014 வரை பதில்கள் ஹான்சார்ட் நடவடிக்கைக் குறிப்பிலேயே அச்சாயின; அந்த ஆண்டின் செப்டம்பரிலிருந்து அவை இணையத்தில் தனித் தரவுத்தளமாக வருகின்றன. நான் மதிப்பிடுவது அந்தத் தரவுத்தளத்தை.

பயன்படுத்துவதற்கு எளிது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சொல்லைத் தட்டித் தேடலாம். உறுப்பினர், துறை, அவை, தேதி, பதில் வந்ததா இல்லையா என்று வடிகட்டலாம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண்ணும், பதிந்த நாளும், பதில் வந்த நாளும் உண்டு. பின்னால் திருத்தப்பட்ட பதில் என்றால் அதுவும் குறிக்கப்படுகிறது. கேட்டவருக்கு அந்த விஷயத்தில் சொந்த நலன் ஏதும் இருந்து அதை அறிவித்திருந்தால் அந்தக் குறிப்பும் பக்கத்திலேயே இருக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம், ஏனெனில் வாடகைக்கு விடும் வீடுகளை வைத்திருப்பவர் வாடகைச் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஒரே ஓர் எச்சரிக்கை: கேள்வி எண்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் புதிதாகத் தொடங்குகின்றன. எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொண்டால் ஈராண்டு கழித்து வேறொரு கேள்வியில் போய் நிற்போம்; தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்திய மக்களவையின் பதில்களைத் தேடிப் பழகியவர்களுக்கு இன்னொரு வேறுபாடு உடனே கண்ணில் படும். அங்கே பதில்கள் பெரும்பாலும் பி.டி.எஃப் கோப்புகள், இங்கே பதில் பக்கத்திலேயே எழுத்தாக இருக்கிறது, இணைப்பு அட்டவணை மட்டும் தனிக் கோப்பு.

இனி உள்ளடக்கம். என் தேடல் வீட்டில் தொடங்கியது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்று பொருள்களில் இந்தச் சேவை மிக நன்றாக இயங்குவதும் இங்கேதான்.

வீட்டுக் கேள்விகளைப் படிக்கப் புகுந்த எவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம், ‘கட்டுப்படியாகும் வீடு’ என்ற சொல்லும் ‘சமூக வாடகை வீடு’ என்ற சொல்லும் ஒன்றல்ல என்பது. சமூக வாடகை என்பது உள்ளூர் வருமானத்தையும் வீட்டின் மதிப்பையும் கொண்டு வாய்பாட்டின்படி கணக்கிடப்படுவது. கட்டுப்படியாகும் வாடகை என்பது 2011இல் கொண்டுவரப்பட்ட வகை. அது சந்தை வாடகையில் 80 விழுக்காடு வரை போகலாம். லண்டனில் சந்தை வாடகையில் 80 விழுக்காடு என்றால் அது யாருக்குக் கட்டுப்படியாகும் என்பதை அங்கே வீடு தேடியவர்களே சொல்லட்டும். வீட்டில் ஒரு பங்கை மட்டும் வாங்கி மீதிக்கு வாடகை கொடுக்கும் திட்டத்து வீடுகளும் அதே பெருந்தொகைக்குள் வந்துவிடுகின்றன. எனவே 2023-24இல் இங்கிலாந்தில் எத்தனை கட்டுப்படியாகும் வீடுகள் முடிந்தன என்று ஓர் உறுப்பினர் கேட்டால் 60,000க்கு மேல் என்று பதில் வரும். அவற்றுள் சமூக வாடகை வீடுகள் எத்தனை என்று கேட்டால் 10,000க்கும் குறைவு என்று வரும். இரண்டும் உண்மை. கேள்வியில் ஒரு சொல் மாறினால் பதில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நல்ல உறுப்பினர் யார் என்பதை அவர் இந்தச் சொல்லை எப்படிக் கையாள்கிறார் என்பதிலிருந்தே நான் இப்போது கண்டுகொள்கிறேன்.

வீட்டுவசதித் துறையின் பதில்கள் அடிக்கடி ஓர் அட்டவணையின் எண்ணைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. காத்திருப்போர் கணக்கு வேண்டுமானால் அட்டவணை 600, புதிய கட்டுப்படியாகும் வீடுகளின் கணக்கு வேண்டுமானால் அட்டவணை 1000 என்று கைகாட்டிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். முதலில் இது என்னை எரிச்சலூட்டியது. போகப் போக இதுவே பெரிய உதவி என்று தெரிந்தது. அட்டவணை 600ஐத் திறந்தால் இங்கிலாந்தின் கவுன்சில் பட்டியல்களில் ஏறத்தாழ 13 இலட்சம் குடும்பங்கள் இருப்பதையும், அந்த அக்காவின் கவுன்சிலில் எத்தனை குடும்பங்கள் என்பதையும், அது பத்தாண்டுகளில் எப்படி மாறியது என்பதையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். அமைச்சரின் பதில் தராத தகவலை, அவர் காட்டிய திசை தந்துவிடுகிறது.

ஆனால் அட்டவணையில் இல்லாத ஒன்றைக் கேட்டால் நிலைமை வேறு. ஈரமும் பூஞ்சையும் பற்றி எத்தனை குடியிருப்போர் புகார் செய்தார்கள், எத்தனை வீடுகள் இன்ன காலத்துக்குள் சரிசெய்யப்பட்டன என்ற வகைக் கேள்விகளுக்கு, இந்தத் தகவல் மத்தியில் சேகரிக்கப்படுவதில்லை என்ற ஒற்றை வரிப் பதிலையே நான் மீண்டும் மீண்டும் கண்டேன். ரோச்டேலில் பூஞ்சை படர்ந்த வீட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்த பிறகு, அக்குழந்தையின் பெயராலேயே ஒரு சட்ட ஏற்பாடு 2023ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதிச் சட்டத்தில் இடம்பெற்றது. அதன் முதற்கட்டம் 2025 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது: உயிருக்கு ஆபத்தான குறையை 24 மணி நேரத்துக்குள் கவனிக்க வேண்டும், கடுமையான ஈரமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு செய்து, அதன்பின் 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். சட்டத்தில் நாள் கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது, அதை யார் கடைப்பிடித்தார் என்ற கணக்கை மத்திய அரசு கையில் வைத்திருக்கவில்லை என்றால், எந்த உறுப்பினர் எவ்வளவு நுட்பமாகக் கேட்டாலும் பதில் வராது. இது இணையதளத்தின் குறையன்று என்றாலும், அந்தக் குறை வெளியே தெரிவது இந்தத் தளத்தில்தான். தகவல் இல்லை என்று ஓர் அமைச்சர் எழுத்தில் ஒப்புக்கொள்வதும் ஒரு பதிவுதான். அடுத்த உறுப்பினர், ஏன் சேகரிப்பதில்லை என்று கேட்க அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

அரசு 2025இல் அறிவித்த திட்டத்தைப் பற்றிய கேள்விகளும் படிக்கத் தக்கவை. 10 ஆண்டுகளுக்கு 3,900 கோடி பவுண்டு. ஏறத்தாழ 3 இலட்சம் வீடுகள் இலக்கு. அவற்றுள் குறைந்தது 60 விழுக்காடு சமூக வாடகை. கேட்பதற்கு மலைப்பாக இருக்கும் இந்த இலக்கை 10ஆல் வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 18,000 சமூக வாடகை வீடுகள் வரும். 13 இலட்சம் குடும்பங்கள் நிற்கும் வரிசையோடு அதை நான்தான் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எந்தப் பதிலும் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்லை. குடியிருப்போரே தள்ளுபடி விலையில் தம் வீட்டை வாங்கிக்கொள்ள 1980இல் தொடங்கிய வாங்கும் உரிமைத் திட்டத்தின் வழியாக இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 இலட்சம் கவுன்சில் வீடுகள் விற்கப்பட்டுள்ளன என்பதும், 2024 நவம்பரில்தான் அதற்கான தள்ளுபடி வட்டாரத்தைப் பொறுத்து 16,000 முதல் 38,000 பவுண்டு வரை என்று குறைக்கப்பட்டது என்பதும் இந்தக் கணக்கின் மறுபக்கம். வீட்டுக் கேள்விகளுக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன்.

கலை மானியத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. இதற்குக் காரணம் ஒரு கொள்கை. இங்கிலாந்தில் கலைக்கான அரசுப் பணம் ஆர்ட்ஸ் கவுன்சில் வழியாகப் போகிறது. 1946இல் அரச சாசனத்தின் மூலம் உருவான அமைப்பின் வழிவந்தது அது. எந்த நாடகக் குழுவுக்கு எவ்வளவு என்பதை அமைச்சர் முடிவு செய்யக் கூடாது, அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கொள்கை நல்லதே, அமைச்சருக்குப் பிடிக்காத நாடகத்தைப் போட்டதற்காக ஒரு குழு பட்டினி கிடக்கக் கூடாது. ஆனால் அதே கொள்கை கேள்வி நேரத்தில் அமைச்சருக்குக் குடையாகிவிடுகிறது. ஒரு தொகுதியிலுள்ள அரங்கம் ஏன் மானியத்தை இழந்தது என்று கேட்டால், ஆர்ட்ஸ் கவுன்சில் அரசிடமிருந்து தனித்து முடிவெடுக்கிறது என்ற பதில் அச்சு மாறாமல் வருகிறது.

2022 நவம்பரில் இங்கிலீஷ் நேஷனல் ஆப்பெரா ஆர்ட்ஸ் கவுன்சிலின் தேசியத் தொகுப்பிலிருந்து, அதாவது தொடர் மானியம் பெறும் நிறுவனங்களின் பட்டியலிலிருந்து, நீக்கப்பட்டபோது எழுந்த கேள்விகளை வரிசையாகப் படித்தால் இந்தக் குடை எங்கே ஓட்டையாகிறது என்பது தெரியும். லண்டனிலிருந்து கலைப் பணத்தைப் பிற பகுதிகளுக்கு நகர்த்துமாறு அன்றைய அமைச்சரே ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கு அறிவுறுத்தியிருந்தார். ஆண்டுக்கு 2 கோடியே 40 இலட்சம் பவுண்டு என்று தொகையும் சொல்லப்பட்டிருந்தது. ஆக, எந்தக் குழு என்பதில் அமைச்சர் ஒதுங்கி நின்றார். எந்த ஊர் என்பதில் நிற்கவில்லை. அந்த ஆப்பெரா நிறுவனத்தை ஏன் நீக்கினீர்கள் என்று கேட்ட உறுப்பினர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கு நீங்கள் என்ன அறிவுறுத்தல் கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் என்று கேட்பவருக்கோ அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அது அவருடைய சொந்தச் செயல். இந்தச் சேவையைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் நான் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள குறிப்பு இதுதான்: பிறர் செய்ததைப் பற்றி அமைச்சரிடம் கேட்காமல், அமைச்சர் செய்ததைப் பற்றிக் கேட்க வேண்டும். என்ன நடவடிக்கை எடுக்கிறீர்கள், என்ன மதிப்பீடு செய்தீர்கள் என்று முடியும் கேள்விகள் மூன்று பத்தி நீளப் பதிலைத் தரும். அதில் ஒன்றும் இருக்காது. எவ்வளவு, எத்தனை, எந்த நாளில் என்று முடியும் கேள்விகள் இரண்டு வரிப் பதிலைத் தரும். அந்த இரண்டு வரியில் பிடிமானம் இருக்கும்.

நம்மவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சனிக்கிழமைப் பரதநாட்டிய வகுப்புகளும் மிருதங்க வகுப்புகளும் பெரும்பாலும் பெற்றோர் கட்டணத்தில் நடக்கின்றன; மானியத்தை நம்பி அல்ல. ஆனால் அரங்கேற்றத்துக்கு வாடகைக்கு எடுக்கும் மண்டபம் பல ஊர்களில் கவுன்சிலுடையது, அல்லது கவுன்சில் மானியத்தில் வாழும் அரங்கம். கவுன்சில் கலைச் செலவை வெட்டினால் அது முதலில் வாடகை உயர்வாகவே நம்மிடம் வந்து சேர்கிறது.

இந்த இடத்தில் பர்மிங்காமைச் சொல்லாமல் நகர முடியாது, ஏனெனில் மூன்று பொருள்களும் ஒரே ஊரில் மோதிய நிகழ்வு அது. ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்றான அந்நகரக் கவுன்சில் 2023 செப்டம்பர் 5 அன்று, உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி, அத்தியாவசியமல்லாத புதிய செலவு எதையும் ஏற்க இயலாது என்று அறிவித்தது. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் கோரிய பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய பெருந்தொகையும், ஒரு கணினி மென்பொருள் மாற்றத்தில் ஏற்பட்ட குளறுபடியும் முதன்மைக் காரணங்கள். கவுன்சிலை மேற்பார்வையிட மத்திய அரசு ஆணையர்களை அனுப்பியது. கவுன்சில் வரி 2024இல் 9.99 விழுக்காடும் அடுத்த ஆண்டில் 7.49 விழுக்காடும் ஏறியது. நகரின் சிம்பொனி இசைக் குழுவும், பர்மிங்காம் ராயல் பாலேயும், ரெப் நாடக அரங்கமும் பெற்றுவந்த கவுன்சில் மானியம் முதலாண்டில் பாதியாகவும் அடுத்த ஆண்டில் முழுவதுமாகவும் நிறுத்தப்பட்டது. அதே 2023இல்தான், கவுன்சில் தன் வாடகை வீடுகளைப் பராமரிப்பதில் தரத்தைத் தவறவிட்டதாகச் சமூக வீட்டுவசதி ஒழுங்காற்று அமைப்பும் அறிவித்திருந்தது.

இப்போது இதைப் பற்றி ஓர் உறுப்பினர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். இசைக் குழுவின் மானியத்தைப் பற்றிப் பண்பாட்டுத் துறையிடம் கேட்டால், உள்ளாட்சி அமைப்பு தன் செலவைத் தானே முடிவு செய்கிறது என்று பதில் வரும். உள்ளாட்சியின் நிலைமையை வீட்டுவசதி, உள்ளாட்சித் துறையிடம் கேட்டால், ஆணையர்கள் கவுன்சிலோடு சேர்ந்து பணியாற்றுகிறார்கள் என்று வரும். உள்ளாட்சிகளுக்கு இன்னும் பணம் உண்டா என்று நிதித் துறையான கருவூலத்திடம் கேட்டால், அது உள்ளாட்சித் துறையின் ஒதுக்கீட்டில் அடங்கும் என்று வரும். வட்டம் முடிந்துவிட்டது, இசைக் குழு மட்டும் வெளியே நிற்கிறது. துறைவாரியாகப் பிரிக்கப்பட்ட தளம் என்பதால், இந்த மூன்று பதில்களையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டும் வசதி எதுவும் அங்கு இல்லை. ஒரே நாளில் ஒரே உறுப்பினர் ஒரே துறையிடம் கேட்டவை மட்டும் சில சமயம் கூட்டாகப் பதிலளிக்கப்பட்டு ஒன்றாகக் காட்டப்படுகின்றன. பொருள்வாரியாக இணைக்கும் ஒரு வசதி இருந்திருந்தால் என் மதிப்பெண் ஒரு நட்சத்திரம் கூடியிருக்கும்.

பர்மிங்காமைப் பற்றிப் பேசும்போது நம் மக்களிடையே அடிக்கடி கேட்கும் ஒரு தவறான பேச்சையும் திருத்திவிட வேண்டும். வீட்டு வாடகைப் பணத்தை எடுத்துத்தான் இத்தனை நாள் கலைக்குக் கொடுத்தார்கள், இப்போது அது தீர்ந்துவிட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கவுன்சில் வீடுகளின் வாடகை வரவும் பராமரிப்புச் செலவும் தனிக் கணக்கில் வேலி கட்டி வைக்கப்பட்டவை. 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அந்த வேலி இருக்கிறது. வாடகைப் பணம் நாடக மேடைக்குப் போக முடியாது. வீடுகளின் நிலை மோசமானதற்குக் கலை மானியம் காரணம் அன்று. இதைச் சொல்லும் பதில்கள் தளத்தில் கிடக்கின்றன; தேடிப் படிக்கத்தான் ஆளில்லை.

அரசு நிதிக் கேள்விகளின் வரலாறு நீண்டது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பதிவாகியுள்ள முதல் கேள்வியே பணத்தைப் பற்றியதுதான். 1721 பிப்ரவரியில், சவுத் சீ கம்பெனியின் பங்குக் குமிழி வெடித்து நாடே நட்டப்பட்டிருந்த வேளையில், அந்தக் கம்பெனியின் தலைமைக் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டு ஓடிவிட்டார். அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் செய்தி உண்மையா என்று கௌப்பர் பிரபு மேலவையில் கேட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழலும் ஒரு மக்களவைக் கேள்வியில்தான் முளைவிட்டது. எல்.ஐ.சி.யின் பணம் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்டது பற்றி 1957இல் கேட்கப்பட்டது. ஃபெரோஸ் காந்தி அதைத் துருவினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

அந்தக் கேள்விகளின் கூர்மையை இன்றைய கருவூலப் பதில்களில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே. மொழி மிகச் சுத்தமாக இருக்கும். பதில் மிகச் சீக்கிரம் வரும். உள்ளே காற்று மட்டும் இருக்கும். எந்த வரியைப் பற்றிக் கேட்டாலும், எல்லா வரிகளும் தொடர்ந்து பரிசீலனையில் உள்ளன, முடிவுகள் வரவு செலவுத் திட்டத்தின்போது அறிவிக்கப்படும் என்பதே சாரம். எண் கேட்டால் புள்ளியியல் அமைப்பிடம் அனுப்பப்படும்; அந்த அமைப்பு உறுப்பினருக்கு எழுதும் கடிதம் பதிலோடு இணைக்கப்படும். அந்தக் கடிதங்களைத் தவறாமல் திறந்து பாருங்கள் என்று சொல்வேன். அமைச்சரின் பதிலில் இல்லாத எச்சரிக்கைகளும் வரையறைகளும் அவற்றில் இருக்கும். பொதுக்கடன் என்று எதைச் சேர்க்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதை நான் கற்றது பட்ஜெட் நாள் தொலைக்காட்சி விவாதங்களிலிருந்து அல்ல, இத்தகைய இணைப்புக் கடிதங்களிலிருந்துதான். அரசின் நிதிநிலையைத் தனித்து மதிப்பிட 2010இல் அமைக்கப்பட்ட வரவு செலவுப் பொறுப்பு அலுவலகத்தின் அறிக்கைகளோடு சேர்த்துப் படித்தால் ஓரளவு முழுப் படம் கிடைக்கும். கருவூலத்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் ஒன்றரை அந்தக் கடிதங்களுக்கு.

இங்கே செலவு வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் தேட 850 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றால், அளவுக்கு மீறிய செலவு என்று சொல்லித் துறை மறுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பொதுமக்கள் நேரடியாகக் கேட்டால் மத்தியத் துறைகளுக்கு அந்த வரம்பு 600 பவுண்டு, கவுன்சில் போன்ற பிற அமைப்புகளுக்கு 450 பவுண்டு. கால வரம்பு 20 வேலை நாள். எனவே எம்.பி. வழிக் கேள்வி சற்று ஆழமாகவும் வேகமாகவும் தோண்டும். ஆனால் ஆவணம் வேண்டும், மின்னஞ்சல் பிரதி வேண்டும் என்றால் தகவல் உரிமையே சரியான வழி. கவுன்சிலைப் பற்றிய விவரம் தேவை என்றாலும் அதுவே சரி, ஏனெனில் அமைச்சர் கவுன்சிலுக்காகப் பதில் சொல்லமாட்டார். ஹவுசிங் அசோசியேஷன்கள் பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை என்பதை அக்காவுக்கு விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

மாற்றுச் சேவை ஒன்றையும் குறிப்பிடுகிறேன். மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் ‘தே ஒர்க் ஃபார் யூ’ தளம் 2004 முதல் இயங்குகிறது. அதே கேள்விகளையும் பதில்களையும் எடுத்து உறுப்பினர் வாரியாக, வாசிக்க எளிதாக அடுக்கித் தருகிறது. ஒரு சொல்லைப் பதிந்துவைத்தால் அந்தச் சொல் அவையில் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். நான் ‘பூஞ்சை’க்கான ஆங்கிலச் சொல்லைப் பதிந்து வைத்தேன், பாலாடைக்கட்டியைப் பற்றிய கேள்வியும் ஒரு நாள் வந்து சேர்ந்தது. தொடர்ந்து கவனிக்க அந்தத் தளமும், மேற்கோள் காட்ட நாடாளுமன்றத்தின் தளமும் என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கிளாஸ்கோவிலும் கார்டிஃபிலும் வாழும் தமிழர்கள் இந்தத் தளத்தில் வீட்டையும் கலையையும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவை இரண்டும் அங்கே பகிர்ந்தளிக்கப்பட்ட அதிகாரங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அமைச்சர் அவற்றுக்குப் பொறுப்பல்ல. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கும் வேல்ஸின் செனெட்டுக்கும் தனித்தனிக் கேள்வித் தளங்கள் உள்ளன. வாங்கும் உரிமைத் திட்டம் ஸ்காட்லாந்தில் 2016இலும் வேல்ஸில் 2019இலும் முற்றிலும் நிறுத்தப்பட்டுவிட்டது என்பதால், அங்கே கேட்கப்படும் கேள்விகளின் இயல்பே வேறு.

அக்காவின் கடிதத்துக்கு வருகிறேன். நான் எழுதிய முதல் வரைவு இரண்டு பக்கம். சுவரின் படங்கள், ஏழாண்டுக் கதை, கோபம் எல்லாம் அதில் இருந்தன. எம்.பி. அலுவலகத்தில் இருந்த இளைஞர் பொறுமையாகப் படித்துவிட்டு, வீட்டுப் புகாரைத் தனியாக ஹவுசிங் அசோசியேஷனுக்கு அனுப்புவதாகவும், அமைச்சரிடம் கேட்க வேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதித் தருமாறும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. புதிய கால வரம்புகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்ற தகவலைத் துறை சேகரிக்கத் திட்டமிட்டுள்ளதா, ஆம் எனில் எந்தத் தேதியிலிருந்து என்பது அதன் சாரம். கேள்வி பதிவாகிய மறுநாளே தளத்தில் எண்ணோடு வந்துவிட்டது. அக்கா அதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டார். பதில் வந்தபோது அதில் தேதி இல்லை. ஆனால் ஒழுங்காற்று அமைப்பு எதைக் கண்காணிக்கும் என்ற ஒரு வரி இருந்தது. அந்த வரியை அப்படியே எடுத்து அவர் தம் அடுத்த புகாரில் சேர்த்திருக்கிறார்.

இந்தச் சேவையை நம்பி உங்கள் எம்.பி.யிடம் போகப்போகிறவர்கள் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தொடர் முடிவுக்கு வரும் வாரத்தில் பதிலளிக்கப்படாமல் நிற்கும் கேள்விகள் எல்லாம், கிடைத்த நேரத்தில் பதில் தர இயலவில்லை என்ற ஒரே வரியோடு மூடப்பட்டுவிடும். அடுத்த கூட்டத்தொடரில் அவற்றைப் புதிதாகப் பதிய வேண்டும், புதிய எண்ணோடு.